கல்லாவுக்குப் பின்னாடி மாட்டுன நோட்டீஸ்

கேள்வி: வணக்கம் அக்கா. காரைக்குடியில எங்க மாமியார் ஆரம்பிச்ச பலகாரக் கடைய இப்ப நான்தான் பாத்துக்கிறேன். கோட்டையூர், பள்ளத்தூர் பக்கமிருந்து 14 பொம்பளைங்க வேலைக்கு வர்றாங்க, டெலிவரிக்கு ரெண்டு பசங்க. தொழிலாளர் சட்ட நோட்டீஸ் ஒட்டணும்னு ஆடிட்டர் ஒரு இங்கிலீஷ் சார்ட் குடுத்தாரு, கல்லாவுக்குப் பின்னாடி மாட்டிட்டேன். போதுமாக்கா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: போதாதும்மா. கல்லாவுக்குப் பின்னாடி இருந்தா அதிரசம் வாங்க வர்றவங்கதான் பாப்பாங்க, சீப்புச் சீடை சுத்துறவங்க பின்கட்டுலல்ல இருக்காங்க, அவங்க எப்ப முன்னாடி வந்து படிக்க?

2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புல 50-வது பிரிவப் பாருங்க. சட்டத்தோட சுருக்கம், எந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம், எந்தத் தேதி எத்தன மணிக்குக் குடுப்பீங்க, உங்க ஏரியா தொழிலாளர் துறை ஆய்வாளர் பேரு, முகவரி, இவ்வளவும் எல்லார் கண்ணுலயும் படுற எடத்துல இருக்கணும். ரெடிமேட் சார்ட்ல உங்க கடைச் சம்பளம் எப்படி இருக்கும் சொல்லுங்க, அத நீங்கதான் எழுதி ஒட்டணும். நம்ம மாநிலத்துல சம்பளத்தோட விலைவாசிக்காகச் சேர்ற அகவிலைப்படி வருஷா வருஷம் ஏப்ரல் 1-ல மாறுது, அதனால போன வருஷத் தாளு இந்த வருஷத்துக்கு ஆகாது.

இங்கிலீஷ்ல மட்டும் ஒட்டுறது எனக்கு மனசே ஒப்பல. 1936-ல வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டமே இங்கிலீஷோட பெரும்பாலான தொழிலாளிங்களுக்குப் புரியுற பாஷையிலயும் ஒட்டுன்னுதான் சொல்லுச்சு. தீபாவளி ஆர்டருக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் அடுப்படியில நிக்கிற பொம்பளைக்கு, ஓவர்டைமுக்கு ரெண்டு மடங்கு கூலி உண்டுங்கிறது அவ படிக்கிற தமிழ்ல இருந்தாத்தானே வாயத் தொறந்து கேப்பா?

இன்னொண்ணு, இதத்தான் நெறைய பேரு விட்டுடுறாங்க. 10 பேரு, அதுக்கு மேல வேலை பாக்குற எடம்னா 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார் குழு போடணும். தலைவி ஒரு பொம்பளையா இருக்கணும், வெளியாள் ஒருத்தரும் வேணும். குழு போட்ட உத்தரவையும், தப்பு பண்ணுனா என்ன தண்டனைங்கிறதையும் ஒட்டியே ஆகணும். குழுவே போடலன்னா 50,000 ரூபா வரைக்கும் அபராதம் வரும். பொம்பளைங்க மட்டுந்தானே இருக்கோம்னு நெனைக்காதீங்க, டெலிவரிப் பசங்க வர்றாங்க, சரக்கு எறக்க ஆளு வருது, மளிகைக்காரர் வர்றாரு.

எங்க மாட்டுறதுன்னா, அடுப்புப் பக்கம் வேண்டாம். நான் பாத்த ஒரு எடத்துல எண்ணெய்ப் புகை படிஞ்சு தாளு அப்பளம் மாதிரி மஞ்சளாகி, சம்பளத் தொகை எழுதுன வரிதான் மொதல்ல அழிஞ்சு கெடந்துச்சு. உங்க ஆளுங்க காலையில வந்ததும் பையி, டிபன் தூக்கெல்லாம் மாட்டுற ஆணி இருக்குமில்ல, அதுக்குப் பக்கத்துல கண்ணு மட்டத்துக்கு லேமினேட் பண்ணி மாட்டுங்க, எழுத்து பெருசா இருக்கட்டும்.

படிக்கத் தெரியாத ஆச்சிமாரும் ரெண்டு மூணு பேரு இருப்பாங்க. சம்பளம் குடுக்குற அன்னைக்கு எல்லாரையும் உக்கார வச்சு நீங்களே ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்கம்மா, சந்தேகம் கேட்டா பொறுமையா சொல்லுங்க.