வாசகர் கேள்வி-பதில்: விடை தெரிந்த லேப்பில் எதைக் கற்றுக்கொள்வது?

பொறியியல் படிப்பைப் பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. செய்முறை, குழுவேலை இரண்டையும் தொட்ட கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். வேலைவாய்ப்பு, கட்ஆஃப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

கேள்வி (இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்): லேப்புக்குப் போகிறோம், ரீடிங் எடுக்கிறோம், சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து விடையைச் சரிக்கட்டுகிறோம், கையெழுத்து வாங்குகிறோம். செய்முறைக் கல்வி என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வது இதைத்தானா?

இது இல்லை தம்பி. ஆனால் இதில் உங்கள் தப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. எதை அளப்பது, எந்தக் கருவியால் அளப்பது, எத்தனை எடை தொங்கவிடுவது, கடைசியில் என்ன விடை வரவேண்டும் என்று எல்லா முடிவையும் எடுத்து அச்சடித்துக் கையில் கொடுத்த பிறகுதான் உங்களை உள்ளேயே விடுகிறார்கள். உங்களுக்கு மிச்சம் இருப்பது கட்டத்தில் எண் நிரப்புகிற வேலை.

கான்டிலீவர் பீம் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையை இறுக்கிக் கட்டிய உலோகப் பட்டை, மறுமுனையில் எடை, பட்டை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து யங் குணகம், அதாவது அந்த உலோகம் எவ்வளவு விறைப்பானது என்ற அளவு, கண்டுபிடிக்க வேண்டும். எஃகு என்றால் 200 கிகா பாஸ்கலை ஒட்டி வரவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். உங்களுக்கு 171 வருகிறது. என்ன செய்வீர்கள்? ரீடிங்கில் கை வைத்து 198 ஆக்குவீர்கள், சாரும் டிக் போடுவார். பாடமே அந்த 171-இல்தான் இருந்தது. பட்டையின் தடிமன் 3 மில்லிமீட்டர் என்று தாளில் இருந்ததை நம்பிவிட்டீர்கள், மைக்ரோமீட்டர் கருவியில் அளந்து பார்த்தால் 2.85 இருந்திருக்கலாம். 5 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் பட்டை இறங்கும் அளவு தடிமனின் மும்மடிக்கு எதிர்த்தகவில் மாறுகிறது, அதனால் ஏறக்குறைய 17 சதவீதம் கூடுதலாக இறங்கும், கணக்குப் போட்டால் சரியாக அந்த 171 வந்து நிற்கும். இறுக்கிய முனை லேசாக நெகிழ்ந்தாலும் பிழை இதே பக்கம்தான் சாயும். அகலத்தில் அதே 5 சதவீதம் தவறினால் விடை 5 சதவீதம்தான் கெடும். ஆக, தடிமனுக்கு மைக்ரோமீட்டர் வேண்டும், அகலத்துக்கு ஸ்கேலே போதும் என்று தீர்மானிப்பது இருக்கிறதே, அதுதான் இன்ஜினீயரின் அன்றாட வேலை. உங்கள் லேப் அந்த முடிவைக்கூட உங்களிடம் விடவில்லை.

இதே கருவியை வைத்துக்கொண்டே இதை மாற்றலாம், ஒரு பைசா செலவில்லை. என்ன உலோகம் என்று சொல்லாமல் பட்டையைக் கொடுக்க வேண்டும். அல்லது, உலோகத்தைச் சொல்லிவிட்டு, எடையைத் தொங்கவிடும் முன்பே எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்று ஒவ்வொரு குழுவும் போர்டில் எழுத வேண்டும். பிறகு அளக்க வேண்டும். மதிப்பெண் விடை எவ்வளவு கிட்ட வந்தது என்பதற்கு இல்லை, வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்ற விளக்கத்துக்கு. உங்கள் ஆசிரியர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பாதகமில்லை, லேப்புக்கு முந்தைய நாள் நீங்களே கணக்குப் போட்டு ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு போங்கள், அந்த எண் பொய்க்கும்போது உங்களுக்கே விடமாட்டேன் என்று ஒரு பிடிவாதம் வரும்.

கேள்வி (கல்லூரி விரிவுரையாளர்): வகுப்பில் செயல்வழிக் கற்றலை, அதாவது மாணவர்களே யோசித்தும் செய்தும் கற்பதை, கொண்டுவரச் சொல்கிறார்கள். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை, மாணவர்களும் 'நீங்களே நடத்திவிடுங்கள்' என்கிறார்கள். உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை இதுவும் ஒரு ஃபேஷனா?

ஃபேஷன் என்றால் ரொம்பப் பழைய ஃபேஷன். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த கண்காட்சியில் மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளி தன் பட்டறைப் பயிற்சி முறையைக் காட்சிக்கு வைத்தது, அதைப் பார்த்த அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் தலைவர் ஜான் ரங்கிள் அப்படியே தன் நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு காற்று திசை மாறியது. அமெரிக்காவில் 1955-இல் வந்த கிரின்டர் அறிக்கை பொறியியலில் அறிவியல் அடித்தளத்தை வலுப்படுத்தச் சொன்னது, அது தேவைதான், ஆனால் பட்டறை ஓரமாகப் போய்விட்டது. ஆனாலும் அந்த முறை செத்துவிடவில்லை, டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974-இல் தொடங்கும்போதே குழு பிராஜெக்டை மையமாக வைத்துத்தான் தொடங்கியது.

பயன் உண்டா என்றால், உண்டு. ஸ்காட் ஃப்ரீமனும் உடனிருந்தவர்களும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்டார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள், செயல்வழி வகுப்புகளில் 21.8 சதவீதம். இது சின்ன வித்தியாசம் இல்லை.

மாணவர்கள் முனகுவதற்கும் காரணம் இருக்கிறது. ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஒரு ஆய்வு 2019-இல் வெளியானது. தாங்களே யோசித்துச் செய்த மாணவர்கள் தேர்வில் கூடுதலாகக் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றோம் என்றே நினைத்தார்கள்! சரளமான விரிவுரை எல்லாம் புரிந்துவிட்டது போன்ற உணர்வைத் தரும், தானே முட்டிமோதும்போது புரியாதது பளிச்சென்று தெரிந்துவிடும், அவ்வளவுதான். அதனால் இந்த ஆய்வை முதல் வாரமே வகுப்பில் சொல்லிவிடுங்கள், முனகல் பாதி அடங்கும்.

நேரம் பற்றி: மொத்த வகுப்பையும் தலைகீழாக்க வேண்டியதில்லை. அதே ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991 முதல் செய்துவந்த முறையை ஒரு வகுப்புக்கு இரண்டு கேள்வி என்று தொடங்குங்கள். சூத்திரம் போட்டுத் தீர்க்க முடியாத, யோசிக்க வைக்கும் ஒரு கேள்வி, நான்கு விடைகள். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைக் காட்டட்டும். பாதிப்பேர் அளவுக்குச் சரி என்றால், அதாவது 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். 70-ஐத் தாண்டினால் அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம், 30-க்குக் கீழே என்றால் நீங்கள்தான் மறுபடி விளக்க வேண்டும். இதற்கான நேரத்தைப் புத்தகத்தில் இருக்கும் சமன்பாட்டு வருவிப்புகளை அப்படியே போர்டில் எழுதுவதிலிருந்து எடுங்கள். அதை அவர்களே படிக்கலாம். படிக்கமாட்டார்கள் என்கிறீர்களா, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்டால் படிப்பார்கள்.

கேள்வி (இறுதியாண்டு மாணவி): எங்கள் பிராஜெக்ட் குழுவில் நான்கு பேர். ரோபோவைத் தொடுவது இரண்டு பையன்கள், ஒருவர் வருவதே இல்லை, ரிப்போர்ட்டும் பிரசன்டேஷனும் என் தலையில். மதிப்பெண் மட்டும் எல்லோருக்கும் சமம். குழுவேலையில் என்ன கற்கிறோம் என்றே புரியவில்லை.

மாக்சிமிலியன் ரிங்கெல்மான் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், வேளாண் பொறியியல் பேராசிரியர். ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் காட்டினார்கள். ஒத்திசைவு இல்லாததால்தானே என்று கேட்கலாம். 1970களில் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இருப்பதாக நம்பவைத்துத் தனியாக இழுக்கவிட்டபோதும் பலம் குறைந்தது. தன் பங்கு தனியாகத் தெரியாது என்றால் மனிதர்கள் தளர்த்திவிடுகிறார்கள், உங்கள் குழுவுக்கு வராத அந்த நண்பர் ஒன்றும் விதிவிலக்கு இல்லை.

ஆகவே கோளாறு அமைப்பில் இருக்கிறது, சரிசெய்ய வேண்டியவர் ஆசிரியர். குழுவை அவர் பிரிக்க வேண்டும், மூன்று நான்கு பேருக்கு மேல் போகக் கூடாது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் யாரிடமும் யாருடைய பகுதியைப் பற்றியும் கேட்கலாம் என்று முதல் நாளே அறிவிக்க வேண்டும். சக உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் ரகசியமாகத் தரும் மதிப்பீடு தனி மதிப்பெண்ணை ஏற்றி இறக்க வேண்டும், அதுவும் கடைசியில் ஒரு தடவை என்றில்லாமல் நடுவிலும் ஒன்று.

அதைவிட முக்கியம், வேலை எப்படிப்பட்டது என்பது. நான்காகப் பிரித்துத் தனித்தனியாகச் செய்து கடைசி இரவில் ஒட்டிவிட முடிகிற வேலைக்குக் குழுவே தேவையில்லை. நல்ல பிராஜெக்டில் சிக்கல் இணைப்பில்தான் வெடிக்கும். உங்கள் ரோபோவிலேயே பாருங்கள்: மோட்டார் தனியாக ஓடுகிறது, புரோகிராமும் தனியாக ஓடுகிறது, இரண்டையும் ஒரே பேட்டரியில் மாட்டினால் மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தில் வோல்டேஜ் சரிந்து, புரோகிராமை ஓட்டும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகிவிடுகிறது. புரோகிராம் எழுதியவர் தன் கோடில் தப்பைத் தேடிக்கொண்டே இருப்பார், கிடைக்காது. மோட்டார்காரரும் அவரும், வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் முன்னால் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அது பிடிபடும். அந்த மாதிரி ஒரு மணி நேரத்துக்காகத்தான் குழு.

இப்போது உங்கள் விஷயம். ரிப்போர்ட் எழுதுபவர் எந்திரத்தைக் கற்பதில்லை. சோல்டரிங் அயர்ன் பையன்கள் பக்கமும் பிபிடி பெண்கள் பக்கமும் போய்ச் சேருவது உங்கள் குழுவில் மட்டும் நடக்கும் அதிசயம் இல்லை, இதை ரொம்பக் கறாராகவே மறுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வேலையை மாற்றிக்கொள்வோம் என்று நீங்களே எழுதிக் குழுவுக்கு அனுப்புங்கள், யார் எதை எப்போது செய்தார்கள் என்று ஒரு பதிவு வையுங்கள். வழிகாட்டி ஆசிரியரிடம் போவதாக இருந்தால் இந்த வாரமே போங்கள். கடைசி வாரம் போனால் அது புகார், இப்போது போனால் கோரிக்கை.

கேள்வி (மாணவர்): சிமுலேஷனிலேயே எல்லாம் செய்துவிடலாமே, எதற்கு லேப்?

மேலே சொன்ன 2.85 மில்லிமீட்டர் பட்டையை சிமுலேஷனில் நீங்கள் 3 என்றுதான் டைப் செய்வீர்கள். முதலில் சிமுலேஷன், அப்புறம் அளவெடுப்பு, பிறகு இரண்டுக்கும் சண்டை மூட்டிவிடுங்கள்.

கேள்வி (ஒரு மாணவரின் தாய்): மகன் ஃபார்முலா ஸ்டூடன்ட் பந்தயத்துக்குக் கார் கட்டும் குழுவில் சேர்ந்து இரவு பகலாக அங்கேயே கிடக்கிறான். மதிப்பெண் இறங்குகிறது. நிறுத்தச் சொல்லட்டுமா?

நிறுத்தச் சொல்லாதீர்கள் அம்மா, ஆனால் விசாரியுங்கள். 1981-இல் அமெரிக்காவில், எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஃபார்முலா எஸ்ஏஇ என்ற பெயரில் தொடங்கிய போட்டி இது, வேகமாக ஓட்டினால் போதும் என்ற விளையாட்டு இல்லை. எஸ்ஏஇ விதிகளில் மொத்தம் 1000 புள்ளி என்றால் அதில் 325 கார் நகராமலே கிடைப்பது: வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்டத்தை விளக்குவதற்கு 75. வடிவமைப்பு நடுவர்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் ஏன், ஏன் என்று குடைவார்கள். 'சீனியர்கள் இப்படித்தான் செய்தார்கள்' என்ற பதில் அங்கே செல்லாது. வகுப்பில் இப்படி யாரும் அவனைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

அதனால் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தக் காரில் உன் பாகம் எது, அதை ஏன் அப்படிச் செய்தாய்? பிரேக் பெடலோ, ஒரு பிராக்கெட்டோ, எது என்றாலும் அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசினான் என்றால் உங்களுக்குப் புரியாவிட்டாலும் கவலையில்லை. 'எல்லோரும் சேர்ந்துதான் செய்கிறோம்' என்று மழுப்பினால், அங்கே அவன் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அரியர் மட்டும் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், அதில் சமரசம் வேண்டாம், ஏனென்றால் எவ்வளவு நல்ல கார் கட்டினாலும் பேப்பர் பாக்கி இருந்தால் பட்டம் கிடைக்காது.

கேள்வி (துறைத் தலைவர் ஒருவர்): படிக்க நன்றாக இருக்கிறது. கருவி வாங்கப் பணம் எங்கே?

முதல் கேள்விக்கான பதிலை ஒருமுறை பாருங்கள், அங்கே எதுவும் வாங்கவில்லை. அடுத்ததாக, பிரித்துப் பார்க்கும் வகுப்பு ஒன்று தொடங்கலாம். ஸ்டான்ஃபோர்டில் ஷெரி ஷெப்பர்ட் 1990களின் தொடக்கத்தில் இதை ஒரு பாடமாகவே நடத்தினார்: மாணவர்கள் பொருள்களைக் கழற்றி, எப்படி வேலை செய்கிறது, ஏன் இப்படி வடிவமைத்தார்கள் என்று கண்டுபிடித்து, திரும்பப் பூட்ட வேண்டும். கெட்டுப்போன பிரின்டர் ஒன்று போதும்: ஸ்டெப்பர் மோட்டார், பல்சக்கரத் தொகுதி, பெல்ட், ஒளி உணரி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒரு குழு கழற்றி வரைபடமும் குறிப்பும் எழுதட்டும், இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு பூட்டட்டும். குறிப்பு எவ்வளவு மோசம் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், தொழில்நுட்ப எழுத்துக்குத் தனி வகுப்பே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. மைக்ரோவேவ் அடுப்பு, பழைய டியூப் டிவி, கேமரா ஃபிளாஷ், யுபிஎஸ் ஆகியவற்றை மாணவர்கள் கையில் கொடுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும்.