ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வெளியே ஐஸ் ஸ்கேட்டிங் செய்ய எங்கே போகலாம்?

ரொறன்ரோவில் இது முதல் குளிர்காலம், சறுக்கிப் பழக்கமில்லை, ஆறு வயது மகளையும் கூட்டிப்போக வேண்டும், கூரைக்குள் அல்லாமல் திறந்த வெளியில் எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் நகரசபை முன்றிலைத்தான் சொல்வார்கள். அது அழகான இடம், அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். ஆனால் முதல் நாள் அங்கே போகாதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் இருக்கும் பனித்தளத்துக்கு, ஒரு வார நாளில், ஆள் குறைந்த நேரம் பார்த்துப் போங்கள்.

பக்கத்தில் அப்படி ஒன்று இருக்குமா என்று யோசிப்பீர்கள். பெரும்பாலும் இருக்கும். இந்த நகரம் குளிர்காலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட திறந்தவெளிப் பனித்தளங்களை நடத்துகிறது. இங்கே எல்லோரும் 'ரிங்க்' என்பார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, யாரும் டிக்கெட் கேட்கமாட்டார்கள். நான் 2011-இல் வந்தேன். இரண்டு குளிர்காலங்கள் இதை அறியாமலே கழிந்தன. வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் இலவசமாக ஒரு தளம் இருந்தும், சறுக்குவதென்றால் பணம் கட்டிச் சேரவேண்டிய விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

இந்தத் தளங்கள் தானாக உறைந்த நீர் அல்ல. கொங்கிறீட் தரைக்கு அடியில் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றுக்குள் குளிரூட்டிய உப்புக் கரைசலைச் சுற்றவிட்டு மேலே ஊற்றும் நீரை உறைய வைக்கிறார்கள். அதனால் வெளியே வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்று மேலே போனாலும் பனிக்கட்டி தாங்கும். மழையும் வெயிலும்தான் அதற்கு எதிரிகள். டிசம்பர் வெயிலுக்கு வலுவில்லை. பெப்ரவரி கடைசியில் சூரியன் மேலே ஏறியபின், நண்பகலில் தளத்தின் மேற்பரப்பு சொதசொதவென்று ஆகிவிடும். அந்த மாதத்தில் காலையில் போங்கள், இல்லாவிட்டால் இருட்டிய பிறகு போங்கள். பல தளங்கள் நவம்பர் கடைசியில் திறக்கின்றன. சில பெப்ரவரியோடு மூடிவிடும், சில மார்ச் நடுப்பகுதி வரை இருக்கும். புறப்படும் முன் நகரசபையின் இணையதளத்தில் அந்தத் தளத்தின் பக்கத்தைப் பாருங்கள், அல்லது நகரசபையின் தகவல் தொலைபேசி எண்ணான 311-க்கு அழைத்துக் கேளுங்கள். திருத்த வேலைக்காக ஒரு பருவம் முழுவதும் மூடிவிடும் தளங்களும் உண்டு. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவின் முன் நிற்க வேண்டாம்.

அதே பக்கத்தில் நேர அட்டவணையும் இருக்கும். அதைக் கவனமாகப் படியுங்கள். ஒரே தளத்தைச் சில மணி நேரம் பொதுச் சறுக்கலுக்கும் சில மணி நேரம் 'ஷின்னி' என்னும் பனிக்கட்டி ஹாக்கி விளையாட்டுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். ஷின்னி நேரத்தில் ரப்பர் வட்டு கல் போலப் பறந்து வரும். குழந்தையோடு இறங்கக் கூடாது. 'லெஷர் ஸ்கேட்', அதாவது பொதுச் சறுக்கல், என்று குறித்திருக்கும் நேரமே உங்களுக்கானது.

நான் பழகிய இடம் ஸ்காபரோவில் அல்பர்ட் கேம்பல் சதுக்கம். ஸ்காபரோ சிவிக் சென்டர் கட்டடத்தின் முன்னால், பெரிய வணிக வளாகத்துக்கு அருகில் இருக்கிறது. முன்பு சிறிய ரயிலில் போய் இறங்கலாம். 2023 ஜூலையில் அது தடம் புரண்டபின் அந்தப் பாதையே மூடப்பட்டுவிட்டது. இப்போது கென்னடி நிலையத்திலிருந்து பஸ்ஸில் போகவேண்டும். பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு டிடிசி என்னும் நகரப் போக்குவரத்துச் சேவையில் பயணம் இலவசம் என்பதால் உங்கள் மகளுக்குச் செலவில்லை. ரேமண்ட் மோரியாமா வடிவமைத்து 1973-இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தின் வளைவுகள் மாலை விளக்கில் தளத்துக்குக் காவல் நிற்பதுபோல் இருக்கும். அங்கே தமிழ்க் குரல்கள் கேட்கும். என் முதல் நாளில், கைப்பிடிச் சுவரை விடாமல் அரைமணி நேரம் நின்ற என்னிடம் ஒரு முதியவர் வந்து, "பிள்ளை, முழங்காலை மடியும், நிமிர்ந்து நிற்கப் பார்க்காதேயும்" என்றார். நாற்று நடுபவர்கள் சேற்றில் நிற்பார்களே, அந்த நிலையைக் காட்டினார். அவ்வளவுதான் பாடம். அன்று ஒரு சுற்று முடித்தேன்.

கிழக்கே இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். கிறீன்வுட் பூங்காவில் தளத்துக்கு மேலே கூரை போட்டிருக்கிறார்கள். பக்கங்கள் திறந்தவை, காற்று வரும், ஆனால் பனியும் தூறலும் பனிக்கட்டியைக் கெடுப்பதில்லை. வானம் சரியில்லாத நாளுக்கு அது நல்ல தெரிவு. பீச்சஸ் பகுதியில் கியூ கார்டன்ஸ் பூங்காவிலும் ஒரு தளம் உண்டு. முடித்துவிட்டு ஏரிக்கரை வரை நடக்கலாம். வடக்கு யார்க்கில் மெல் லாஸ்ட்மன் சதுக்கத்துக்குச் சுரங்க ரயிலில் இருந்து இறங்கியே நடக்கலாம்.

தளம் என்றால் வட்டம் வட்டமாகச் சுற்றுவதுதான். அது சலிப்பாகத் தோன்றத் தொடங்கும் நாளில், அதாவது நீங்கள் சுவரை விட்டுவிட்ட பிறகு, பாதைகளுக்குப் போங்கள். இந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். எற்றோபிக்கோவில் ஏரிக்கரையோரம் கேர்னல் சாமுவேல் ஸ்மித் பூங்காவில், மரங்களுக்கும் புல்வெளிக்கும் நடுவே 250 மீட்டர் நீளத்தில் வளைந்து வளைந்து போகும் பனிப்பாதை இருக்கிறது. சுவர் இல்லை, ஹாக்கி இல்லை. ஒரு ஜனவரி மாலை, பனி மெல்லத் தூவிக்கொண்டிருக்க, சறுக்குச் சப்பாத்தின் இரும்பு பனிக்கட்டியைக் கீறும் ஓசை மட்டும் கேட்க, நானும் மகனும் அதில் எத்தனை சுற்று வந்தோம் என்று எண்ணவில்லை. இந்த ஊர்க் குளிரை நான் வெறுப்பதை நிறுத்திய நாள் அதுதான். ஸ்காபரோவிலிருந்து நகரத்தின் மறு கோடிக்குப் போகவேண்டும். ஒரு நாளை அதற்கென்று ஒதுக்குங்கள்.

இன்னொரு பாதை பென்ட்வே. கார்டினர் விரைவுச்சாலை தூண்களின் மேல் போகும் இடத்தில், அதன் அடியில், ஃபோர்ட் யார்க் கோட்டைக்குப் பக்கத்தில் 2018 ஜனவரியில் திறந்தார்கள். எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் 220 மீட்டர். அந்தக் கொங்கிறீட் தூண் வரிசைகளுக்குப் பொறியியலில் 'பென்ட்' என்று பெயர். இடத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. தலைக்கு மேலே வாகனங்கள் ஓட, கீழே பிள்ளைகள் சறுக்குகிறார்கள். வீணாகக் கிடந்த நிலத்தை இப்படி ஆக்கியவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மேலே உள்ள சாலையே கூரையாகிவிடுவதால் வெயில் படுவது குறைவு. சாலையிலும் பாதையிலும் வேலைகள் நடக்கலாம் என்பதால் இதற்கும் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

இப்போது, முதலில் சொன்ன நகரசபை முன்றில், நேதன் பிலிப்ஸ் சதுக்கம். 1965-இல் திறந்த புதிய நகரசபைக் கட்டடத்தின் இரண்டு வளைந்த கோபுரங்கள், பக்கத்தில் பழைய நகரசபையின் மணிக்கூட்டுக் கோபுரம், நீருக்கு மேல் வளைந்து நிற்கும் கொங்கிறீட் வளைவுகள், 2015 முதல் ஒளிரும் ரொறன்ரோ என்ற பெரிய எழுத்துகள். கோடையில் நீர் நிறைந்திருக்கும் தடாகம்தான் குளிர்காலத்தில் பனித்தளமாகிறது. ஊருக்கு அனுப்பும் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. சப்பாத்துகளை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் டிசம்பர் சனிக்கிழமை மாலையில் தோளோடு தோள் உரசும் கூட்டம். வேகமாக வருபவர்கள் தொடக்கக்காரர்களைப் பார்த்து விலகுவதற்குள் இடித்துவிடுகிறார்கள். வாடகைக்கும் நீண்ட வரிசை. என் மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, வாடகைச் சப்பாத்து எடுத்த ஓர் இடத்தில் கூர் மழுங்கிய சோடி ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். அது எனக்கு அப்போது தெரியவில்லை. ஓரம் பனிக்கட்டியைப் பற்றிக்கொள்ளாமல் கால்கள் இரண்டு பக்கமும் வழுக்கி வழுக்கிப் போக, தன்னால் முடியாது என்று அவன் முடிவு செய்துவிட்டான். அந்த முடிவை மாற்ற ஓர் ஆண்டு ஆயிற்று. இடம் எது என்பதைவிட, முதல் நாள் காலில் என்ன போட்டிருக்கிறோம் என்பதுதான் பிள்ளை மறுபடி வருமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆகவே சப்பாத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரும்பாலான பூங்காத் தளங்களில் வாடகைக்குக் கிடைக்காது, நீங்கள் கொண்டுபோக வேண்டும். புதிது வாங்க வேண்டியதில்லை. பழைய பொருள் கடைகளில் பிள்ளைகளின் சோடிகள் நிறைய வரும், ஏனென்றால் கால் வளர்ந்ததும் எல்லோரும் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கியதும் விளையாட்டுப் பொருள் கடை ஒன்றில் கொடுத்துக் கூர் தீட்டுங்கள். புதிது வாங்கினாலும் கூர் தீட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். தீட்டாமல் விற்பதும் உண்டு. ஹாக்கிச் சப்பாத்து சாதாரணச் சப்பாத்தைவிட ஓர் அளவு அல்லது ஒன்றரை அளவு சிறிதாக இருக்கும், எனவே போட்டுப் பார்க்காமல் எண்ணை நம்பாதீர்கள். வளரட்டும் என்று பெரிதாக வாங்குவது நம் வழக்கம். இதில் அதைச் செய்யாதீர்கள், கணுக்கால் உள்ளே ஆடினால் நிற்கவே முடியாது. தடித்த கம்பளிக் காலுறை இரண்டு போடுவதும் அதே தவறு. மெல்லிய ஒன்று போதும், அப்போதுதான் இரத்தம் ஓடும், விரல் விறைக்காது. நாடாவை விரல் பக்கம் இளக்கமாகவும் கணுக்காலில் இறுக்கமாகவும் கட்டுங்கள். கலைச் சறுக்கலுக்கான சப்பாத்தின் முன்முனையில் பல் போன்ற வெட்டுகள் இருக்கும். அது தட்டி முன்னால் விழ வைக்கும் என்பதால் தொடக்கத்தில் ஹாக்கி வகையே நல்லது என்பது என் கருத்து.

மகளுக்கு ஹாக்கித் தலைக்கவசம் வாங்குங்கள், உங்களுக்கும் ஒன்று. சைக்கிள் கவசம் போதாது, சறுக்கும்போது பின்னால் விழுந்து பின்தலை அடிபடுவதே அதிகம். விழப்போவது தெரிந்தால் எதிர்க்காமல் முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் சாயுங்கள். விழுந்ததும் விரல்களை மூடிக்கொள்ளுங்கள், பின்னால் வருபவரின் சப்பாத்துக் கத்தி படக்கூடாது. எழும்போது முதலில் நான்கு காலில் நின்று, பிறகு ஒரு காலை ஊன்றி எழுங்கள். வீட்டில் கம்பளத்தின் மேல் சப்பாத்தின் கத்தி உறையோடு மகளுக்கு இதை இரண்டு நாள் பழக்கிவிட்டுப் போனால், தளத்தில் விழுந்தாலும் அழமாட்டாள். கையுறை நனையாத வகையாக இருக்கட்டும், இன்னொரு சோடி பையில் இருக்கட்டும். காற்றோடு சேர்ந்த குளிர் உணர்வு மறை 28-க்குக் (-28) கீழே போகும் நாளில் திறந்த தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களில் உறைந்து காயமாகலாம். அப்படிப்பட்ட நாளில் குழந்தையோடு போகாதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பூங்காக் குளங்களும் ஏரிக்கரையும் உறைந்து கண்ணாடி போல் கிடக்கும், சிலர் மேலே நடப்பதும் தெரியும். இறங்காதீர்கள். ஒருவர் நடக்கவோ சறுக்கவோ குறைந்தது 15 சென்டிமீட்டர், பலர் சேர்ந்து சறுக்க 20 சென்டிமீட்டர் தடிப்பு வேண்டும் என்று கனடிய செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. தெளிந்த நீலநிறக் கட்டி வலுவானது, வெண்மையாக மங்கியது அதில் பாதி வலு, சாம்பல் நிறம் என்றால் உள்ளே நீர் இருக்கிறது. நகரக் குளங்களில் தெருவில் கொட்டும் உப்பு கரைந்த நீர் வந்து சேர்வதால் ஓரிடத்தில் தடிப்பாகவும் இரண்டடி தள்ளி மெலிதாகவும் இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இயற்கையாக உறைந்த நீரில்தான் சறுக்க வேண்டும் என்று ஆசை வந்தால் ஒட்டாவாவுக்குப் போங்கள். அங்கே ரிடோ கால்வாயில் 7.8 கிலோமீட்டர் நீளப் பாதையை, தடிப்பை அளந்து பார்த்துத் திறந்துவிடுகிறார்கள். குளிர் போதாமல் 2022–23 பருவத்தில், அதன் வரலாற்றில் முதல் தடவையாக, அது திறக்கவே இல்லை. எனவே குளிர் நன்றாக இறங்கிய பின், ஜனவரி கடைசியிலோ பெப்ரவரியிலோ, திறந்திருப்பதை உறுதி செய்துகொண்டு போங்கள். இந்த ஆண்டே போக வேண்டியதில்லை.

நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்று எழுதினால், பக்கத்தில் எந்தத் தளம், எந்த நேரத்தில் ஆள் குறைவு என்று கேட்டுச் சொல்கிறேன். மகளின் சப்பாத்து அளவையும் சேர்த்து எழுதுங்கள். என் மகன் போட்டு வளர்ந்துவிட்ட மூன்று சோடிகள் எங்கள் நிலவறையில் இருக்கின்றன, கூர் தீட்டித் தருகிறேன்.