ரூபி ஹேஷில் சுற்று: கடிதமும் பதிலும்

வணக்கம்.

ரூபி நிரல்மொழியில் மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் உள்ள ஒரு ஹேஷ் (ஒவ்வொரு கீக்கும், அதாவது தேடும் பெயருக்கும், ஒரு மதிப்பு வைக்கும் அமைப்பு). ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் ஈச் போட்டு |பெயர், மதிப்பெண்| என்று எழுதினால் சரியாக ஓடுகிறது. வரிசை எண்ணும் வேண்டுமென்று ஈச்_வித்_இண்டெக்ஸுக்கு மாற்றி |பெயர், மதிப்பெண், எண்| என்று எழுதினேன். பெயரில் ஒரு அரே (வரிசைப் பட்டியல்) வருகிறது, மதிப்பெண்ணில் 0, 1, 2, எண்ணில் நில் (ஒன்றுமில்லை என்பதற்கான மதிப்பு). இன்னோர் இடத்தில், சுற்றுக்குள் ஒரு மதிப்பைப் படித்ததற்கே ‘புதிய கீ சேர்க்க முடியாது’ என்று பிழை. நான் எதையும் சேர்க்கவில்லையே?

— ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

ஒவ்வொரு சுற்றிலும் ஹேஷ் தருவது கீயும் மதிப்பும் சேர்ந்த ஒரு ஜோடி. ஈச்சில் இரண்டு மாறிகள் வைத்தால் ரூபி அதைப் பிரித்துக் கொடுத்துவிடும். ஈச்_வித்_இண்டெக்ஸ் அந்த ஜோடியோடு எண்ணையும் அனுப்புகிறது. ஆக வருபவை இரண்டே. உங்கள் மூன்றாவது மாறிக்கு ஒன்றும் மிஞ்சாது. ஜோடிக்கு அடைப்புக்குறி போடுங்கள்: |(பெயர், மதிப்பெண்), எண்|. எல்லாவற்றையும் ஒரே மதிப்பாகத் திரட்டும் ரெடியூஸில் ஜோடி பின்னால் வரும்: |தொகை, (பெயர், மதிப்பெண்)|. எண் 1-இல் தொடங்க வேண்டுமென்றால் ஈச்.வித்_இண்டெக்ஸ்(1).

இரண்டாவதுதான் பொல்லாதது. அந்த ஹேஷை ஹேஷ்.நியூவோடு ஒரு பிளாக் (கூடவே தரும் நிரல்துண்டு) கொடுத்து, இல்லாத கீக்கு மதிப்பை எழுதிவைக்கும்படி உருவாக்கியிருப்பீர்கள். அப்படியானால் இல்லாத கீயைப் படிப்பதே அதைச் சேர்ப்பதாகிவிடும். சுற்று நடக்கும்போது புதிய கீயை ரூபி அனுமதிக்காது, ரன்டைம்எரர் என்ற பிழையை எழுப்பும். எல்லாக் கீயும் இருக்கிற தரவில் இந்தப் பிழை தலைகாட்டவே செய்யாது. அதனால் சோதனையில் தப்பிவிடும். சுற்றுக்குள் சதுர அடைப்புக்குப் பதில் ஃபெட்ச்(பெயர், 0) எழுதுங்கள், அது பிளாக்கைத் தொடாது. ஹேஷ்.நியூ(0) என்று உருவாக்கியிருந்தாலும் இந்தச் சிக்கல் வராது, அது 0-ஐத் திருப்பித் தருமே தவிர எழுதிவைக்காது.

உண்மையிலேயே கீ சேர்க்க வேண்டுமா? ஹேஷின் மேல் சுற்றாமல் கீஸ்.ஈச் என்று சுற்றுங்கள். கீஸ் தருவது தனி அரே என்பதால் தடை இல்லை. சுற்றின் நடுவே சேர்த்த கீகள் மட்டும் அதே சுற்றில் வராது. இருக்கிற கீயின் மதிப்பை மாற்றுவதற்கு இதெல்லாம் தேவையில்லை, ஈச்சுக்குள்ளேயே மாற்றலாம். நீக்குவதற்கு டெலீட்_இஃப் போதும்.

மதிப்புகளை மட்டும் மாற்றி இன்னொரு ஹேஷ் வேண்டுமென்றால் மேப் வேண்டாம், அது அரேயைத்தான் தரும். ரூபி 2.4 முதல் டிரான்ஸ்ஃபார்ம்_வேல்யூஸ் இருக்கிறது. கீயும் மாற வேண்டுமானால் 2.6 முதல், ஹேஷாக மாற்றித் தரும் டு_ஹெச்சுக்கே பிளாக் கொடுக்கலாம். அந்த பிளாக் ஒவ்வொரு முறையும் கீ, மதிப்பு என இரண்டு உறுப்புள்ள அரேயைத் திருப்பித் தர வேண்டும்.