பிள்ளைகளின் கதையில் புள்ளியும் வாக்கிய நீளமும்: கேள்வி பதில்

கேள்வி: டீச்சர், மகள் நான்காம் வகுப்பு. கதை எழுதச் சொன்னால் பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். எப்படி நிறுத்தக் கற்றுக்கொடுப்பது?

பதில்: தமிழில் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பி என்று வினையெச்சமாக அடுக்கிக்கொண்டே போகலாம், இலக்கணப்படி குற்றமில்லை, அதனால் "தப்பு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் எழுதியதை அவளையே சத்தமாகப் படிக்க விடுங்கள். மூச்சு முட்டும் இடம் அவளுக்கே தெரியும். "முயல் காட்டுக்குள் ஓடி ஒரு குகையைப் பார்த்து உள்ளே போய் சிங்கத்தைப் பார்த்து பயந்து திரும்பி ஓடியது" என்று எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதை இப்படிப் பிரிக்கலாம்: "முயல் காட்டுக்குள் ஓடியது. அங்கே ஒரு குகை. மெல்ல உள்ளே போய் எட்டிப் பார்த்தது. சிங்கம்! பயந்துபோய் வந்த வழியே திரும்பி ஒரே ஓட்டமாக ஓடியது." பாருங்கள், எல்லாவற்றையும் வெட்டவில்லை. 'ஓடி' என்பதை 'ஓடியது' என்று முடித்தால் அங்கே முற்றுப்புள்ளி தானாக வந்துவிடுகிறது. சிங்கம் வரும் இடம் குட்டையாக இருக்கட்டும், ஓட்டம் நீளமாகவே இருக்கட்டும்.

கேள்வி: என் பையன் நேர் எதிர். "ராஜா வந்தான். அவன் உட்கார்ந்தான். அவன் சிரித்தான்." இவ்வளவுதான் எழுதுகிறான்.

பதில்: முதலில் அந்த 'அவன்'களை எடுக்கச் சொல்லுங்கள், 'சிரித்தான்' என்பதிலேயே ஆள் இருக்கிறான். அப்புறம் எங்கே, எப்படி என்று வாய்மொழியாகக் கேளுங்கள். அவன் சொல்லும் பதிலை அதே வாக்கியத்துக்குள் வைத்தால் போதும்: "மழையில் நனைந்து வந்த ராஜா திண்ணையில் உட்கார்ந்து சிரித்தான்."

கேள்வி: அக்கா, காற்புள்ளி எங்கே போடுவது என்று எனக்கே குழப்பம்.

பதில்: கதைக்கு இரண்டு இடம் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். ஒன்று, அடுக்கும்போது: "அம்மா, அப்பா, தம்பி மூவரும் வந்தார்கள்." இதையே "அம்மாவும் அப்பாவும் தம்பியும்" என்று எழுதினால் வேண்டாம், 'உம்' அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இன்னொன்று, கூப்பிடும்போது: "தம்பி, இங்கே வா."

கேள்வி: பேச்சு வரும் இடத்தில் மேற்கோள்குறியும் கேள்விக்குறியும் குழம்புகின்றன.

பதில்: வாயிலிருந்து வந்த சொல் அப்படியே இருந்தால் குறிக்குள் வரும். நரி, "எங்கே போகிறாய்?" என்று கேட்டது. நாமே எடுத்துச் சொன்னால் இரண்டும் வேண்டாம்: முயல் எங்கே போகிறது என்று நரி கேட்டது. ஆளுக்கொரு பாத்திரமாகப் படித்தால் சீக்கிரம் பிடிபடும்.

கேள்வி: பிழையை எல்லாம் திருத்தினால் எழுதவே மாட்டேன் என்கிறான்.

பதில்: சரி, ஒரு கதைக்கு ஒரு குறியை மட்டும் பாருங்கள். இந்த வாரம் முற்றுப்புள்ளி என்றால் காற்புள்ளியைக் கண்டுகொள்ளாதீர்கள். சிவப்பு மை வேண்டாம், பென்சிலை அவன் கையிலேயே கொடுங்கள்.