‘டிரேட்-ஆஃப்’ என்றால் என்ன? கடனை அடைப்பதா, முதலீடு செய்வதா?

கேள்வி: போனஸாக ஒரு தொகை வந்திருக்கிறது. 20 ஆண்டு வீட்டுக் கடன், வட்டி 9 சதவீதம், வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. கடனில் கட்டுவதா, மியூச்சுவல் ஃபண்டில் போடுவதா என்று யாரைக் கேட்டாலும் “எல்லாமே டிரேட்-ஆஃப்தான்” என்கிறார்கள். அப்படி என்றால் என்ன? நான் என்ன செய்யட்டும்?

பதில்: அந்தச் சொல்லைச் சிலர் ‘சமரசம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சமரசத்துக்கு இரண்டு பேர் வேண்டும். இங்கே எதிராளி கிடையாது. உங்களுடைய இரண்டு ஆசைகளே எதிரெதிரே நிற்கின்றன. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை! நான் ‘விட்டுப் பெறுவது’ என்றுதான் சொல்வேன். அதிகாலையில் கிளம்பினால் நெரிசல் இல்லை, ஆனால் தூக்கம் போகும். அதுவும் டிரேட்-ஆஃப்தான்.

பண விஷயத்தில், விடுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100-ஐ 6 சதவீதக் கூட்டு வட்டியில் பத்திரமாக வைத்தால் 12 ஆண்டுகளில் ஏறக்குறைய 201 ஆகும். ஏற்ற இறக்கம் உள்ள ஒன்றில் போட்டு, சராசரியாக 9 சதவீதம் கிடைத்தால் 281. அந்த 80தான் நிம்மதிக்கு நீங்கள் தரும் விலை. 9 கிடைக்காமலும் போகலாம் என்ற பயம்தான், 281-ஐத் தேடிப் போகிறவர் தரும் விலை. இரண்டுமே விலைதான். ஆனால் விற்க வருகிறவர்கள் பெறுவதை மட்டும்தான் காட்டுவார்கள். “இதற்கு நான் எதை விடுகிறேன்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இனி உங்கள் கடன். இந்த வட்டியில் 20 ஆண்டுக் கடனின் முதல் தவணையில் 100-க்கு 83 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 17தான். அதனால் இப்போது அசலில் கட்டும் ஒவ்வொரு காசும் மீதிக் காலம் முழுக்க 9 சதவீத வட்டியை மிச்சப்படுத்தும், வட்டி விகிதம் மாறாதவரை. இவ்வளவு உறுதியாக எந்த ஃபண்டும் தராது. இதில் நீங்கள் விடுவது, நினைத்த நேரத்தில் பணத்தை எடுக்கும் வசதியை. என்னிடம் வந்த ஒருவர் கையிலிருந்ததையெல்லாம் கடனில் கட்டிவிட்டார். நான்கே மாதத்தில் மருத்துவச் செலவு வந்தது. வீட்டுக் கடனைவிடக் கூடுதல் வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்க வேண்டியதாயிற்று. அவர் போட்ட கணக்கில் தப்பில்லை, விட்டது எது என்பதைத்தான் பார்க்கவில்லை.

ஆகவே முதலில் ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். மீதியை அசலில் கட்டுங்கள். கட்டும்போது தவணைத் தொகையைக் குறைக்கச் சொல்லாமல் கடன் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். வட்டி அதிகம் மிச்சமாவது அப்படித்தான். முதலீட்டை மாதச் சம்பளத்திலிருந்து சிறிதாகத் தொடங்குங்கள். முன்கூட்டியே கட்டினால் கட்டணம் உண்டா என்று கடன் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.