டிவி சவுண்ட் கரகரன்னு வருது, தட்டினா சரியாகுது: போர்டு மாத்தித்தான் ஆகணுமா?

கேள்வி: எங்க வீட்டு 43 இன்ச் எல்இடி டிவி வாங்கி 5 வருஷம் ஆச்சு. ரெண்டு மாசமா சவுண்ட்ல கரகரன்னு ஒரு இரைச்சல். போட்ட உடனே நல்லாத்தான் இருக்கும், அரை மணி நேரம் ஓடினா ஆரம்பிச்சுடும். இப்ப கொஞ்ச நாளா சவுண்டே திடீர்னு போயிடுது, படம் மட்டும் ஓடுது, பின்னாடி ஒரு தட்டு தட்டினா திரும்ப வருது. பார்க்க வந்த மெக்கானிக் கழட்டிக்கூட பார்க்கல, போர்டு போச்சு, மாத்தணும்னுட்டார். உண்மையிலேயே போர்டுதானா, இல்ல நானே முதல்ல ஏதாவது செக் பண்ணிப் பார்க்கலாமா?

பதில்: தட்டினா வருதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. எரிஞ்சு போன ஐசி (போர்டுல இருக்கிற கருப்பு சிப்) நீங்க எத்தனை தட்டு தட்டினாலும் பேசாது. தட்டினா சேருது, சூடு ஏறினா பிரியுதுன்னா எங்கேயோ ஒரு காண்டாக்ட் தொட்டும் தொடாம நிக்குதுன்னு அர்த்தம், அது ஸ்பீக்கர் கனெக்டரா இருக்கலாம், வயரா இருக்கலாம், போர்டுல ஏதோ ஒரு பாகத்தோட கால்ல ட்ரை சோல்டரா, அதாவது பத்தவெச்ச ஈயம் விட்டுப்போனதா இருக்கலாம். முழு போர்டையும் மாத்துறது கடைசி கட்டம், அங்க போறதுக்கு முன்னாடி பார்க்க நிறைய இருக்கு. ஆனா ஒண்ணு, இனிமே தட்டாதீங்க. சவுண்டுக்காக தட்டப்போய் பேனல் ஓரத்துல ஒட்டியிருக்கிற மெல்லிசான ஃப்ளெக்ஸ் (பட்டை வயர்) விட்டுப்போச்சுன்னா படத்துல கோடு விழும், அப்புறம் சவுண்ட் பிரச்சனையே உங்களுக்கு மறந்துபோயிடும்.

டிவியைக் கழட்டாமலே பிரச்சனை எந்தப் பக்கம்னு ஓரளவு கண்டுபிடிச்சிடலாம். நான் எப்பவும் முதல்ல செய்யுறது, அந்த இரைச்சல் வர்ற நேரத்துல வால்யூமை சுத்தமா ஜீரோவுக்கு கொண்டுபோறது. ஜீரோவுலயும் அதே அளவுக்கு உஸ்ஸ்னோ கரகரன்னோ கேட்டுக்கிட்டே இருந்தா அது வெளியில இருந்து வரல, டிவிக்குள்ள, சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புற ஆம்ப்ளிஃபையர் பக்கத்துலதான் உருவாகுது. வால்யூம் ஏத்த ஏத்த இரைச்சலும் கூடவே ஏறுது, இறக்கினா இறங்குதுன்னா அது சத்தத்தோட சேர்ந்தே வருது, செட்டாப் பாக்ஸ், வயர், சிக்னல் எதுல இருந்து வேணா வரலாம். குறைஞ்ச வால்யூம்ல சுத்தமா இருக்கு, ஏத்தினா மட்டும், அதுவும் ட்ரம் மாதிரி கனமான சத்தம் வரும்போது மட்டும் கிழியுதுன்னா ஸ்பீக்கர் மேல சந்தேகப்படுங்க.

அடுத்தது சோர்ஸ், அதாவது சத்தம் எதுல இருந்து வருதோ அதை மாத்திப் பாருங்க. செட்டாப் பாக்ஸ்ல கரகரக்குது, பென்டிரைவ்ல பாட்டு போட்டா சுத்தமா வருதுன்னா டிவி மேல தப்பே இல்ல. பாக்ஸ் இன்னும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏவி வயர்லதான் மாட்டியிருக்குன்னா அந்த சிவப்பையும் வெள்ளையையும் பிடுங்கி, துடைச்சு, திருப்பித் திருப்பி டைட்டா சொருகிப் பாருங்க. இங்க ஒரு விசித்திரமான கேஸ் சொல்றேன். பாட்டுல மியூசிக் கேக்குது, பாடுறவர் குரல் மட்டும் காணோம், படத்துல மழை இடி எல்லாம் கேக்குது, டயலாக் மட்டும் இல்லன்னு சிலர் குழம்பிப் போயிடுவாங்க. 3.5 எம்எம் பின்னுல இருந்து ஏவி வயர் பிரியுற அடாப்டர் இருக்கும்ல, அது அரைகுறையா சொருகியிருந்து கிரவுண்ட் (ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான வயர்) மட்டும் தொடாம இருந்தா இப்படி ஆகும். ரெண்டு பக்கமும் சமமா வர்ற சத்தம், அதாவது பெரும்பாலும் குரல், ஒண்ணை ஒண்ணு அடிச்சுப் போட்டுடும், ரெண்டுக்கும் வித்தியாசமா இருக்கிற சத்தம் மட்டும் மிஞ்சும். பின்னை இன்னும் ஒரு அழுத்து அழுத்தினா குரல் வந்துடும்.

பென்டிரைவ்ல ஒரு குறிப்பிட்ட படத்துக்கு மட்டும் சவுண்ட் இல்ல, மத்ததுக்கு இருக்குன்னா அது ரிப்பேரே இல்ல. அந்த ஃபைல்ல சத்தம் டிடிஎஸ் ஃபார்மட்ல இருக்கும், உங்க டிவிக்கு அதைப் படிக்கத் தெரியாம இருக்கும், அவ்வளவுதான். ஆடியோ டிராக் ரெண்டு இருந்தா இன்னொண்ணை மாத்திப் பாருங்க.

சவுண்ட் சுத்தமா போயிடுச்சுன்னு பதறுறவங்களுக்கு இன்னொரு விஷயம், செட்டிங்ஸ்ல போய் சவுண்ட் அவுட்புட் எதுல நிக்குதுன்னு பாருங்க. டிவி ஸ்பீக்கர்னு இல்லாம ஆப்டிக்கல்னோ ப்ளூடூத்னோ எச்டிஎம்ஐ ஏஆர்சின்னோ மாறியிருக்கும், எல்லாம் சத்தம் வெளி ஸ்பீக்கருக்குப் போற வழிகள். எச்டிஎம்ஐ வழியா சவுண்ட்பார் மாட்டியிருந்தா சிஇசின்னு ஒரு வசதி தானாவே சத்தத்தை அங்க தள்ளிவிடும், சவுண்ட்பார் எங்கேயோ மூலையில ஆன் ஆகி நிக்கும், நாம டிவி ஊமையாயிடுச்சுன்னு உக்காந்திருப்போம். ஹெட்போன் ஜாக் இருக்கிற டிவில இன்னொரு வம்பு உண்டு, பின்னு உள்ள போனதும் ஸ்பீக்கரை அணைச்சுடுற மாதிரி ஜாக்குக்குள்ள ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், தூசி சேர்ந்தோ வளைஞ்சோ அது ஒட்டிக்கிச்சுன்னா ஹெட்போன் இல்லாமலே, அது சொருகியிருக்குறதா டிவி நினைச்சுக்கும். ஹெட்போனை நாலஞ்சு தடவை சொருகி எடுத்தா பல நேரம் விடும்.

இதோட பிளக்கைப் பிடுங்கிட்டு டிவில இருக்கிற பவர் பட்டனை ஒரு 30 செகண்ட் அழுத்திப் பிடிச்சு, ரெண்டு நிமிஷம் விட்டு மறுபடி போடுங்க. ரிமோட்ல ஆஃப் பண்றது ஆஃபே இல்ல, உள்ள பாதி முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். சாஃப்ட்வேர் மாட்டிக்கிட்ட கேஸ் இதுலயே சரியாயிடும். உங்க கேஸ் அது இல்லன்னுதான் நினைக்கிறேன், ஆனாலும் செலவு இல்லாத வேலை, செஞ்சுடுங்க.

இரைச்சல் எந்த மாதிரின்னும் காது கொடுத்துக் கேளுங்க. ம்ம்ம்னு ஒரே ஸ்ருதியில ரீங்காரம் மாதிரி வந்தா கரண்ட் சம்பந்தப்பட்டது. கேபிள் வயரைப் பிடுங்கின உடனே நின்னா கிரவுண்ட் லூப், அதாவது ரெண்டு சாதனத்தோட கிரவுண்டுக்கு நடுவுல கரண்ட் சுத்துறது, அதுக்கு ஐசோலேட்டர்னு ஒரு சின்ன உருப்படி வயர்ல மாட்டினா போதும். எல்லாத்தையும் பிடுங்கினாலும் நிக்கலன்னா பவர் சப்ளையில கெப்பாசிட்டர் (சார்ஜைத் தேக்கி வெக்கிற உருளை) உப்பியிருக்கலாம். டிட்டி டிட்டின்னு விட்டு விட்டு துடிச்சுட்டு அடங்கினா பக்கத்துல செல்போன் இருக்கான்னு பாருங்க, 2ஜியில பேசும்போது போன் செகண்டுக்கு 217 தடவை விட்டு விட்டு சிக்னல் அனுப்பும், அது வயர்ல ஏறி ஸ்பீக்கர்ல பேசுது. படம் கட்டம் கட்டமா உடையும்போதே சத்தமும் வெட்டி வெட்டி வருதுன்னா சிக்னல் வீக், டிஜிட்டல்ல சிக்னல் குறைஞ்சா பழைய டிவி மாதிரி உஸ்ஸுன்னு இரையாது, துண்டு துண்டாத்தான் விழும். படபடன்னு அதிர்ற சத்தம்னா டிவி பின்பக்கத்தை உள்ளங்கையால லேசா அழுத்திப் பிடிங்க, நின்னுச்சுன்னா லூசான ஸ்க்ரூவோ கவர்ல உரசுற வயரோதான்.

இனி உங்க டிவிக்கு வர்றேன். அரை மணி நேரம் ஓடவிட்டு இரைச்சல் ஆரம்பிச்சதும் செட்டிங்ஸ்ல பேலன்ஸை முழுசா இடது பக்கம் தள்ளுங்க, அப்புறம் முழுசா வலது பக்கம். ஒரு பக்கம் மட்டும் கரகரக்குதுன்னா அந்தப் பக்க ஸ்பீக்கர், அதோட வயர், போர்டுல அதுக்குப் போற சேனல் (அந்தப் பக்கத்தோட சத்தப் பாதை), இந்த மூணுல ஒண்ணு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னா சத்தம் இடது வலதுன்னு பிரியுறதுக்கு முன்னாடி இருக்கிற பொதுவான இடம். அடுத்து சவுண்ட் போற நேரத்துக்குன்னு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரோ ஹெட்போனோ தயாரா வெச்சுக்கங்க. டிவி ஸ்பீக்கர்ல சத்தம் நின்ன அந்த நிமிஷம் அதுல மாத்திக் கேளுங்க. அதுல கணீர்னு வருதுன்னா மெயின் ப்ராசஸர் (டிவியோட மூளையான சிப்) சத்தத்தை ஒழுங்கா தயாரிச்சு அனுப்புது, கோளாறு ஆம்ப்ளிஃபையர் ஐசியில இருந்து ஸ்பீக்கர் வரைக்கும் உள்ள பகுதியிலதான். போர்டு போச்சுன்னு சொன்னவருக்கு நீங்க காட்ட வேண்டிய டெஸ்ட் இதுதான். மாறா சவுண்ட் போறப்பவே படமும் உறையுது, டிவி தானா ரீஸ்டார்ட் ஆகுதுன்னா ப்ராசஸர் அடியில இருக்கிற சோல்டர் விட்டிருக்கலாம், அப்ப அவர் சொன்னது சரியா இருக்க வாய்ப்பு உண்டு. நீங்க எழுதினதுல படம் மட்டும் நல்லா ஓடுதுன்னுதான் இருக்கு, அதான் எனக்கு போர்டு மேல அவ்வளவு சந்தேகம் வரல.

வாரன்டி இருந்தா கழட்டாதீங்க, இல்லைன்னாலும் பழக்கம் இல்லாதவங்க தொட வேண்டாம். பவர் போர்டுல 400, 450 வோல்ட்னு எழுதின தடியான கெப்பாசிட்டர் இருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதுல சார்ஜ் தேங்கி நிக்கும், ஒரு தடவை வாங்கினவங்களுக்குத் தெரியும் அந்த அடி. இதெல்லாம் உங்க மெக்கானிக்கையே செய்யச் சொல்லுங்க, பக்கத்துல நின்னு பாருங்க.

அவர் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்ல. பிளக்கைப் பிடுங்கிட்டு, ஸ்பீக்கர் வயர் போர்டுல சேர்ற வெள்ளை கனெக்டரைக் கழட்டிப் பார்க்கணும், பின்னுல கருப்பு படிஞ்சிருக்கா, வயரைப் பின்னோட அழுத்திப் பிடிச்ச (கிரிம்ப்) இடத்துல ஆடுதான்னு. அந்த வயர் முழு நீளத்துக்கும் தடவிப் பார்க்கணும், பின் கவர் ஸ்க்ரூவுல மாட்டி நசுங்கி தோல் உரிஞ்சு உள்ள இருக்கிற இரும்பு ஃப்ரேம்ல தொடுற கேஸ் நான் நிறைய பார்த்திருக்கேன். இப்ப வர்ற டிவிகள்ல பெரும்பாலும் ஸ்பீக்கரோட ரெண்டு வயர்லயும் சிக்னல் இருக்கும், மைனஸ் வயர்னா கிரவுண்டுன்னு நினைச்சுடக் கூடாது, எது ஃப்ரேம்ல பட்டாலும் ஐசி தன்னைக் காப்பாத்திக்க சத்தத்தை நிறுத்திடும். சூடுல வயர் நெகிழ்ந்து தொடுது, தட்டினா விலகுதுன்னா நீங்க சொன்ன மாதிரியேதான் நடந்துக்கும்.

ஸ்பீக்கரைத் தனியா பார்க்கிறது இன்னும் சுலபம். கனெக்டர் கழட்டின நிலையில மல்டிமீட்டரை 200 ஓம்ஸ்ல வெச்சா 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் 6, 7னு காட்டும், அது சரிதான், குறையுதேன்னு பயப்பட வேண்டாம். ஒண்ணுமே காட்டலன்னா ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற காயில் (கம்பிச் சுருள்) அறுந்துபோச்சு. வயரை அசைக்கும்போது நம்பர் குதிச்சா அங்கதான் உடைசல். மீட்டர் இல்லையா, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஸ்பீக்கரோட ரெண்டு வயர்லயும் ஒரு கணம் தொட்டு எடுக்கச் சொல்லுங்க, நல்ல ஸ்பீக்கர் டொக்குன்னு ஒரு சத்தம் போடும். அப்புறம் கோனை (ஸ்பீக்கர் முன்னாடி அதிர்ற பகுதியை) ரெண்டு விரலால சமமா, பூ மாதிரி உள்ள அழுத்தி விடணும், வழுக்கிக்கிட்டு சத்தமில்லாம போய் வந்தா நல்லது, சரக் சரக்னு மணல் உரசுற மாதிரி இருந்தா காயில் உரசுது, கரகரப்புக்கு அதுவே காரணம். எல்லாத்தையும் விட நம்பகமான டெஸ்ட் என்னன்னா இடது ஸ்பீக்கரையும் வலது ஸ்பீக்கரையும் மாத்தி மாட்டுறது. கோளாறு ஸ்பீக்கரோடவே அந்தப் பக்கம் போயிட்டா ஸ்பீக்கர், போகாம அதே சேனல்ல நின்னா போர்டு. வாதமே தேவையில்ல.

போர்டுன்னு வந்தாலும் முழு போர்டு இல்ல. ஆம்ப்ளிஃபையர் ஐசி பக்கத்துல சதுர சதுரமா சின்ன காயில்கள் இருக்கும், அதுங்க கால்ல சோல்டரைச் சுத்தி மெல்லிசா ஒரு வட்ட விரிசல் தெரியுதான்னு லென்ஸ் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. அயர்ன் வெச்சு மறுபடி சோல்டர் பண்ணா பல டிவி பிழைச்சுக்கும். இல்லைன்னா அந்த ஐசியை மட்டும் மாத்தலாம், அதுக்கு ஹாட் ஏர் மிஷின் இருக்கிறவர்கிட்டதான் போகணும், சாதா அயர்ன்ல முயற்சி பண்ணா பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்துப் பிடுங்கிடுவாங்க.

ஸ்பீக்கர் மாத்த வேண்டி வந்தா பழசுக்குப் பின்னாடி எழுதியிருக்கிற ஓம்ஸே புதுசுலயும் இருக்கணும், வாட்ஸ் கொஞ்சம் கூட இருந்தா தப்பில்ல. 8 ஓம்ஸ் இருந்த இடத்துல 4 ஓம்ஸ் போட்டா கரண்ட் ரெண்டு மடங்கு இழுக்கும், கொஞ்ச நாள் சத்தம் நல்லா இருக்கும், அப்புறம் ஐசி போயிடும். பிளஸ் மைனஸும் கவனிக்கணும். தொழிலுக்கு வந்த புதுசுல நானே ஒரு டிவில ஒரு ஸ்பீக்கரை மாத்தி, வயரை ஏறுமாறா ஒட்டிட்டு வந்துட்டேன். ரெண்டு பக்கமும் சத்தம் வருது, இரைச்சல் இல்ல, வேலை முடிஞ்சதுன்னு கிளம்பியாச்சு. மறுநாளே கூப்பிட்டாங்க, நியூஸ் வாசிக்கிறவர் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்காம், பாட்டுல கனமான அடிச்சத்தமே இல்லையாம். ஒரு கோன் முன்னாடி போறப்ப இன்னொண்ணு பின்னாடி போகுது, சத்தம் ஒண்ணை ஒண்ணு தின்னுடுது. வயரைத் திருப்பி ஒட்ட ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் செட்டிங்ஸ்ல ஈக்வலைசரை நோண்டிக்கிட்டு நின்னேன். அதனால ஸ்பீக்கர் மாட்டினதும் மெக்கானிக்கை உடனே அனுப்பிடாதீங்க, நியூஸ் சேனல் ஒண்ணு போட்டு குரல் நடுவுல இருந்து வருதான்னு பாருங்க, அப்படியே டிவியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு சூடேறின பிறகும் கரகரப்பு வரலன்னு உறுதி பண்ணிக்கிட்டு காசு கொடுங்க.