முதுகுக்குப் பின்னால் நிற்பவர்கள்

கேள்வி: பிறருடைய அன்றாடப் பழக்கங்களில் உங்களுக்கு மிகவும் எரிச்சலூட்டும் சின்ன விஷயம் எது?

கல்யாணப் பந்தியில் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள்.

இந்த ஒரு வரியோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் கேள்வியைப் பார்த்ததும் பத்து வருஷத்துக் கோபம் மொத்தமாகக் கிளம்பிவிட்டது. எழுதாமல் அடங்காது.

நான் குமரி மாவட்டத்துக்காரி. வீடு தக்கலைப் பக்கம், வேலை நாகர்கோவிலில். எங்கள் பக்கத்துக் கல்யாணச் சாப்பாடு அவசரத்துக்கு ஏற்பட்டதல்ல என்பதை வெளியூர்க்காரர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். இலையின் ஓரத்தில் உப்பேரி, சர்க்கரை வரட்டி, இஞ்சி, மாங்காய் என்று தொடங்கும். அவியல், துவரன், எரிசேரி, கிச்சடி எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகுதான் சோறு. பருப்பும் நெய்யும் விட்டுப் பப்படத்தை நொறுக்கி ஒரு கை. சாம்பாருக்கு ஒரு கை. இவையெல்லாம் கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பது மாதிரி. அடைப் பிரதமன் என்னும் பாயசம்தான் கச்சேரி. அதை இலையில் ஊற்றச் சொல்லி, மட்டி வாழைப்பழத்தை உரித்துப் போட்டு, இன்னொரு பப்படத்தையும் நொறுக்கி, மொத்தத்தையும் பிசைந்து, வழிந்து மடிக்கு வந்துவிடாமல் கையால் அணைகட்டி வழித்துச் சாப்பிட வேண்டும். டம்ளரில் வாங்கிக் குடிப்பவர்கள் குடிக்கட்டும், அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. (கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரதமனில் பிசைந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.)

இதற்கு நிதானம் வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பிடரியில் ஒரு மூச்சு விழும்.

முன்பெல்லாம் ரசத்துக்குத்தான் வந்து நின்றார்கள். இப்போது பருப்புக்கே வந்துவிடுகிறார்கள். ஒரு கை நாற்காலியின் மேல், இன்னொரு கையில் கைப்பை. அந்தப் பை என் தோளில் ஊசலாடிக்கொண்டே இருக்கும். சிலர் குழந்தையையும் கூட்டிவந்து, "இந்த அத்தை இப்போது எழுந்துவிடுவார்கள்" என்று என் காதுபட ஆறுதல் சொல்வார்கள். அந்தக் குழந்தை என் இலையையே பார்த்துக்கொண்டு நிற்கும். பார்வைக்கு முன்னால் எந்த அவியல் தொண்டையில் இறங்கும்?

சென்ற ஆவணியில் ஒரு கல்யாணம். பின்னால் வந்து நின்ற அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், கசவுக் கரை நேரியல் போட்டிருந்தார். "மக்களே, நீ பையச் சாப்பிடு, ஒரு அவசரமும் இல்லை" என்றார். சொன்ன கையோடு நாற்காலியை இரண்டு விரல்கடை பின்னால் இழுத்தார். நான் முன்னால் நகர்ந்தேன். மறுபடியும் இழுத்தார். அப்போதுதான் எனக்குப் பிரதமன் வந்திருந்தது. பழத்தை உரித்துக்கொண்டிருக்கிறேன், தலைக்கு மேலே அவர் குரல்: "மோர்க்காரத் தம்பி, இந்த இலைக்கு மோர் விடு!"

எங்கள் ஊரில் மோர் வந்தால் சாப்பாடு முடிந்தது என்று பொருள். பிரதமன் பாதியில் இருக்கிறவளுக்கு மோர் விடச் சொல்வது, பேசிக்கொண்டிருக்கும் விருந்தாளியின் செருப்பை எடுத்து வாசலில் திருப்பி வைப்பதற்குச் சமம். அந்தத் தம்பி என்னையும் பார்த்தான், அவரையும் பார்த்தான், வயதுக்கு மரியாதை கொடுத்து வாளியைச் சாய்த்தான். நான் கையைக் குவித்து வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தேன். கை கழுவித் திரும்பிப் பார்க்கிறேன், அந்த அம்மா என் இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கூட்டாக விரலால் தொட்டு ருசி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் அப்போது யாருமே நிற்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

யோசித்துப் பார்த்தால் என் மற்ற எரிச்சல்களும் முதுகுப் பக்கத்திலிருந்தே வருகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எங்கள் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடியான நெருக்கம். ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இவ்வளவு பேருக்கு நடுவில் ஒரு முழம் இடைவெளி கேட்பது பேராசைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏடிஎம்மில் ரகசிய எண்ணை அழுத்தும் நேரத்திலாவது அந்த ஒரு முழத்தைக் கொடுக்கலாம் அல்லவா?

அதே கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் எங்களுக்குத்தான், 91.75 விழுக்காடு. பெருமையான விஷயம். ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் எதைப் படிக்கிறார்கள்? 'தக்கலை' என்று கொட்டை எழுத்தில் பலகை வைத்த பஸ்ஸின் படியில் நின்று, "இது தக்கலை போகுமா?" என்று கேட்பார்கள். உள்ளே ஏறியதும் என் செல்பேசியைப் படிப்பார்கள். ஒருநாள் என் நாத்தனார் அனுப்பிய நீளமான குறுஞ்செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன், குடும்ப விஷயம். மேலே தள்ளப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "கொஞ்சம் நில்லு, நான் அந்த இடத்துக்கு வரவில்லை" என்றார். வாய் தவறி வந்ததுதான், பாவம், அவரே திடுக்கிட்டுப்போனார். பிறகு இறங்குகிற வரைக்கும் இருவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் இறங்கும்போது, "நாத்தனார் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் இன்னொன்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அன்றிலிருந்து எனக்குப் பின்னால் எப்போதும் ஒரு குரல் பயணம் செய்கிறது: "சும்மா ஏறுகிறவர்களுக்கு சீட் வேறு வேண்டுமாம்." ஆள் மாறுவார், குரல் மாறாது. திரும்பிப் பார்த்தால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். வெளியே மழை கொட்டுகிறதா என்று எல்லோரும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தேன். பின் இருக்கையில் நான்கு ஆண்கள். வடசேரியிலிருந்து பார்வதிபுரம் வரை அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கழுத்து வலித்தது, ஆனாலும் மனதுக்கு இதமாக இருந்தது. மழை என்றதும் நினைவுக்கு வருகிறது: நனைந்த குடையை மடக்கி அடுத்தவர் சேலையில் சாய்த்து வைப்பவர்கள். தென்மேற்கும் வடகிழக்கும் மாறிமாறிப் பெய்யும் ஊர் இது, வருஷத்தில் பாதி நாள் குடை கையில்தான். இன்னுமா அதைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை?

ரயில்வே கேட்டைச் சொல்லாமல் விட முடியாது. நாகர்கோவில் – திருவனந்தபுரம் தடத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1979-இல். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மூடிய கேட்டுக்கு முன்னால் சாலையின் இடப்பக்கம் மட்டும் நிற்க வேண்டும் என்பதை நாங்கள் இன்னும் பழகவில்லை. பின்னால் வருபவர் வலப்பக்கமாக முன்னேறி என் ஸ்கூட்டருக்கு முன்னால் மூக்கை நீட்டுவார். எதிர்ப்புறத்திலும் அப்படியே ஒரு கூட்டம் சாலையை அடைத்து நிற்கும். கேட் திறந்ததும் இரண்டு படைகளும் தண்டவாளத்துக்கு நடுவில் சந்தித்து, யாரும் நகர முடியாமல், எல்லோரும் சேர்ந்து ஹாரன் அடிப்பார்கள். அடுத்த ரயிலே வந்துவிடுமோ என்று பயமாக இருக்கும்.

"இன்றைக்கு என்ன கறி?" என்று தினமும் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டு, சாளை மீன் என்றால், "அவ்வளவுதானா?" என்று முகம் சுளிக்கும் பக்கத்து வீட்டு மைனியையும் பட்டியலில் சேர்க்கத்தான் நினைத்தேன். ஆனால் அவர் முகத்துக்கு நேராக வந்து கேட்கிறார். அயிலை கிடைத்த நாளில் ஒரு துண்டு கொடுத்தும் விடுகிறார். விட்டுவிடலாம்.

இவ்வளவு எழுதியவள் இதையும் எழுத வேண்டும். போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவருக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரையை, பந்தியில் உடனே இடம் கிடைத்துவிடும் என்று நம்பிப் போட்டுவிட்டார். இடம் கிடைக்கவில்லை. கை லேசாக நடுங்கத் தொடங்கியது. நான் சுற்றிலும் பார்த்தேன். சாம்பார் முடித்திருந்த ஒரு பெண்ணின் பின்னால் போய் நின்றேன். நாற்காலியை என் கை எப்போது பிடித்தது என்று தெரியவில்லை. அந்தப் பெண் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், நான் பத்து வருஷமாகப் பார்க்கும் பார்வை. கையை எடுத்துவிட்டேன்.

அவளுக்குப் பிரதமன் வந்தது. பழத்தை உரித்தாள். பப்படத்தை நொறுக்கினாள். பிசையத் தொடங்கினாள், மிக நிதானமாக, ஒரு திட்டும் மீதமில்லாமல். மோர் வாளியோடு ஒரு தம்பி அந்தப் பக்கம் வந்தான். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மக்களே, இந்த இலைக்கு மோர் விடு" என்றார் என் மாமியார்.